தலைகீழ் ஸ்பிரிங்

என்னங்க,

உங்க அக்கா வீட்டுக்கே இதை அனுப்பறேன். போன்ல பேசினா மறுபடியும் சண்டையிலதான் போய் நிக்கும்.

காப்புரிமை வக்கீல் வந்துட்டுப் போனாரு. குழந்தைங்களால திறக்க முடியாத நம்ம மருந்து பாட்டில் மூடிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பம் போடணுமாம். அதுவரைக்கும் எந்தக் கம்பெனிக்கும் சாம்பிளைக் காட்டவே கூடாதாம். "கண்டுபிடிச்சது யாரும்மா?"ன்னு கேட்டாரு.

ரெண்டு படிவம் வீணாப் போச்சு. முதல்ல என் பேரை எழுதினேன், மனசு கேக்கல. அதைக் கிழிச்சிட்டு இன்னொண்ணுல உங்க பேரை எழுதினேன், அதுவும் ஒப்பல.

மூடிக்குள்ள ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டினது நான். "கண்ணு எங்க இருக்கு?"ன்னு திட்டினது நீங்க. நான் கழட்டப் போனப்ப, மூடியை ஒரு தடவை அழுத்தித் திருப்பிப் பாத்துட்டு, "இரு, கழட்டாத, இப்பதான் குழந்தைங்க கைக்குத் திறக்காது"ன்னு சொன்னதும் நீங்கதான். தப்பு என்னோடது, அது தப்பில்லைன்னு கண்டுபிடிச்சது நீங்க. இதுல கண்டுபிடிப்பு எதுன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சு போச்சு. "உன் பேரையே போட்டுக்கோ"ன்னு நீங்க பையைத் தூக்கினது சரியா, "ஆமா, போட்டுக்கறேன்"னு நான் வாய் விட்டது சரியா, அதுவும் புரியல.

ரெண்டு பேரையும் போடலாமாம். வக்கீல் ரொம்ப சாதாரணமா சொல்லிட்டாரு. இது தெரியாம பன்னெண்டு நாளா நாம... சரி, விடுங்க.

ரெண்டு பேரையும் எழுதிட்டேன். ஒவ்வொரு பேருக்கும் கீழ வீட்டு விலாசம் கேக்குது. என்னோடதை எழுதிட்டேன். வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, உங்களுக்கு எந்த விலாசம் எழுதறது?

இப்படிக்கு,
ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டினவ