பின்பக்கப் படிக்கட்டுச் சண்டைகள்

அன்புள்ள அம்மாவுக்கு, லோர்னா வணங்கி எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நம் ஊர் இலோயிலோவில் மழை விட்டதா? இங்கே அமெரிக்காவில், நியூ மெக்சிகோவில் காற்றும் புழுதியும்தான்.

என் உதடு வீங்கியதைத் தம்பி சொல்லியிருப்பான். பயப்படாதே. நான் பாடம் நடத்தும் பள்ளியில் சண்டையை விலக்கப் போனபோது ஒரு பிள்ளையின் முழங்கை பட்டுவிட்டது, இப்போது வடுகூட இல்லை. சண்டை போட்டது டெஸ்பா என்ற ஆறாம் வகுப்புப் பெண். அடிக்கடி சண்டை போடுகிறாள் என்று அவளைப் பள்ளியைவிட்டு அனுப்பக் கூட்டம் போட்டார்கள்.

இந்த வருடச் சண்டைப் புகார்களையெல்லாம் இடம், நேரம் வாரியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பாதிக்குமேல் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், பெரிய வகுப்பும் சின்ன வகுப்பும் நெருக்கியடிக்கும் பின்பக்கப் படிக்கட்டில்தான் நடந்திருந்தன. பிள்ளைகள் மட்டும் வேறு வேறு.

"இவளை அனுப்பிட்டா நாளைக்கு அதே படியில இன்னொருத்தி அடிப்பா சார்," என்றேன்.

தலைமையாசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். "சரி, ரெண்டு வகுப்புக்கும் வேற வேற நேரத்துல மணி அடிப்போம். ஆனா படியில யாரு நிக்கிறது? நீங்களே நில்லுங்க."

சண்டை குறைந்துவிட்டது. டெஸ்பாவும் இருக்கிறாள். என் சாப்பாட்டு நேரம்தான் போயிற்று. கால் கடுக்கிறது, நீ தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்பு. உன் குரலையும் பதிவுசெய்து அனுப்பு, திட்டினாலும் சரி.

நேற்று டெஸ்பா படியிறங்கும்போது நின்று, "மிஸ், நீங்க எப்ப சாப்பிடுவீங்க?" என்றாள். இங்கே வந்தபின் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான் அம்மா.

மணி அடித்துவிட்டது, படிக்கட்டுக்கு ஓடுகிறேன்.

உன் லோர்னா