கத்தரி போடாத பாத்தி

ஜூன் 2, ஞாயிறு

இரண்டாவது பாத்தியில் வெண்டை விதைத்தேன். விதை பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. போன வாரம் வாங்கும்போதே கேட்டேன். "ஒட்டுறப்ப மேல பட்டிருச்சு சார்" என்றார் விதைக்கடைக்காரர். அவ்வளவு பெரிய பாக்கெட்டில் கை தேதியின் மேலேதான் போகுமா? வீட்டுக்கு வந்து கொஞ்சம் விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி முளைத்தது. இந்த முறை தப்பித்தார்.

விஷயம் அதுவல்ல. ஒவ்வொரு விதைப்புக்கு முன்னாலும், மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவும் நானும் என் சாப்பாட்டு மேசையில் காலண்டரை விரித்து வைத்து உட்காருவது வழக்கம். வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பாத்தி. நாலு எனக்கு, நாலு அவளுக்கு. நான் வெண்டை போட்டால் அவள் கொஞ்ச நாள் விட்டுப் போடுவாள். என்னுடையது ஓயும்போது அவளுடையது காய்க்கும். இரண்டு வீட்டுக்கும் காய் விட்டுப்போகாது. அவர்கள் குடிவந்ததிலிருந்து இப்படித்தான். இன்று காலையிலிருந்து காலண்டரோடு உட்கார்ந்திருந்தேன். ஆள் வரவில்லை. மாடிப்படியில் பிடித்துக் கேட்டேன்.

"நீங்களே முடிவு பண்ணிக்குங்க மாமா. நான் சும்மா ஏதாவது சின்னதா போட்டுக்கிறேன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தாள்.

ஜூன் 5

அவள் பாத்தியில் கீரை ஒன்று, முள்ளங்கி ஒன்று. மற்ற இரண்டும் காலி. ஏன்?

ஜூன் 9, ஞாயிறு

கத்தரி நாற்று விடுவது எப்போதும் அவள் பொறுப்பு. எனக்குக் கை நடுங்கும். விதை ஒரே இடத்தில் கொட்டிவிடும். அவள் மணலோடு கலந்து தூவினால் அளந்து வைத்ததுபோல் விழும். கேட்டேன். "இந்தத் தடவை கத்தரி வேணாம் மாமா, இவருக்கு ஒத்துக்க மாட்டேங்குது. உடம்பெல்லாம் அரிக்குது" என்றாள்.

சாயங்காலம் அவள் கணவன், ஒயர்மேன், வேலை முடிந்து வந்தான். கேட்டைத் திறக்கும்போதே மடக்கினேன்.

"என்னப்பா, அரிப்பு எப்படி இருக்கு?"

"என்ன அரிப்பு சார்?"

மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்தான். உடனே, "ஆமா சார், அது இருக்குது சார்" என்று முழங்கையைச் சொறிய ஆரம்பித்தான். பாவம், நன்றாக இருந்த கையில் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது.

முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனிடம் இந்த நடிப்பா? டிக்கெட் இல்லாதவனும் இப்படித்தான். முதலில் கேள்வி புரியாது. அப்புறம் எல்லாப் பையிலும் தேடுவான்.

நாற்றங்காலை நானே போட்டேன். கொட்டித்தான் விட்டது. எறும்பு வராமல் சுற்றிச் சாம்பல் தூவியிருக்கிறேன்.

ஜூன் 10

மிளகாயும் கிடையாதாம். மிளகாயும் அரிக்குமோ?

ஜூன் 14

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கீரை ஒரு மாதம். முள்ளங்கி அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்றாவது பாத்தியில் நேற்று கொத்தவரை ஊன்றியிருக்கிறாள்; அதுவும் செப்டம்பரோடு சரி. கத்தரி, மிளகாய், அவரை, பூசணி, எது வருடக் கடைசிவரை நின்று காய்க்குமோ அது ஒன்றுகூட அவள் பக்கம் இல்லை.

ஒருத்தர் எவ்வளவு நாள் இருக்கப் போகிறார் என்பதை வாயால் மறைக்கலாம். பாத்தியில் எப்படி மறைப்பது? அவர்கள் செப்டம்பரில் வீட்டைக் காலி செய்கிறார்கள். என்னிடம் சொல்லாமல்.

ஜூன் 15

போறவங்க போகட்டும். எனக்கென்ன.

ஜூன் 16, ஞாயிறு

எனக்கென்ன என்று எழுதிவிட்டேன். ஞாயிறுதோறும் ரத்த அழுத்தம் பார்க்க அவள்தான் வருவாள். இன்றும் வந்தாள். பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துவிட்டு, "கூடியிருக்கு மாமா. என்ன, மனசுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கேட்பதைப் பார். நீ என்ன வைத்திருக்கிறாய், அதை முதலில் சொல்.

கேட்கவில்லை. மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 18

ஒயர்மேன் காலி அட்டைப்பெட்டிகளை மாடிக்கு ஏற்றினான். "கடையில சும்மா கிடந்துச்சு சார்." சும்மா கிடக்கிற பெட்டி எல்லாம் நம் வீட்டு மாடியேறித்தான் ஓய்வெடுக்க வேண்டுமாக்கும்.

மகள் போன் செய்தாள். ஏப்ரலில் நான் குளியலறையில் விழுந்ததிலிருந்து காலையும் மாலையும் கூப்பிடுகிறாள். வழக்கமான விசாரணைக்குப் பிறகு, "மேல இருக்கிறவங்க ஏதாவது சொன்னாங்களாப்பா?" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

இவளுக்கும் ஏதோ வாடை அடித்திருக்கிறது. என் பெண் அல்லவா.

ஜூன் 21

இன்று ஒரு பரிசோதனை செய்தேன். பால்காரரிடம் சொல்லி மரவள்ளித் தண்டு நாலு வரவழைத்தேன். நட்டால் கிழங்கு வெட்ட அடுத்த வருடம் ஏப்ரல், மே ஆகும். அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.

"உன் கடைசிப் பாத்தி சும்மாதானே கிடக்கு. இத வெச்சுடும்மா. அடுத்த வருஷம் ரெண்டு வீட்டுக்கும் ஆகும்."

இருக்கப்போகிறவளாக இருந்தால் நடுவாள். போகிறவளாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்வாள். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. தண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் கத்தரி நாற்றங்காலைப் பார்த்தாள், நான் கட்டிவைத்த அவரைப் பந்தலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க அடுத்த வருஷத்துக்கா சொல்றீங்க?"

"பின்ன, போன வருஷத்துக்கா?"

மாடிக்குப் போய்விட்டாள். தண்டையும் எடுத்துக்கொண்டு.

ஜூன் 22

தண்டு நான்கும் ஈரச்சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. நடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

அவள் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று யாரோடோ போனில் பேசினாள். நான் அவரைக்குக் கயிறு கட்டுகிற பாவனையில் கிட்டே போனேன். "இல்லக்கா, என்னால முடியாதுக்கா, நீங்களே வந்து பேசுங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. அழுதிருக்கிறாள், மூக்கு சிவந்திருந்தது. யார் இந்த அக்கா? புது வீட்டுக்காரியாகத்தான் இருக்கும். இப்போதே அழவைக்கிறவளிடமா குடிபோகிறாய், பைத்தியமே.

ஜூன் 25

வெண்டைக்கு மண் அணைத்தேன். கோபத்தில் இரண்டு செடியை வேரோடு சாய்த்துவிட்டேன். அவர்கள் போனபின் இந்த எட்டுப் பாத்தியையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பறிக்கிற காயை யாரிடம் கொடுப்பேன்? பயமாக இருக்கிறது. எழுதியாகிவிட்டது, அடிக்கப்போவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மகள் வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், காலை பஸ்ஸில், தனியாக. மருமகன் வரவில்லை. அவள் பையைக் கீழே வைப்பதற்குள் நர்ஸம்மாவும் ஒயர்மேனும் மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது, இந்தப் பெட்டியில் டிக்கெட் இல்லாதவன் நான்தான் என்று.

அந்த அக்கா, என் மகள். மே மாதமே மாடிக்காரர்களிடம் போனில் சொல்லியிருக்கிறாள்: செப்டம்பர் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுங்கள், அப்பாவை நான் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், வீட்டைப் பூட்டிவிடப் போகிறோம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவரிடம் இதைப் பேசி மனசைக் கஷ்டப்படுத்தாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். எப்படியும் ஜூனுக்குள் என்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். வாய் வரவில்லையாம்.

"உங்களுக்குத் தெரியும்னுதான் மாமா நானும் வாய மூடிட்டு இருந்தேன். நீங்க கத்தரி, அவரைன்னு போடுறப்ப, அக்கம்பக்கத்துக்காரங்க பறிச்சுக்கட்டும்னு விட்டுட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். மரவள்ளியக் கையில குடுத்து அடுத்த வருஷம் ரெண்டு வீட்டுக்கும் ஆகும்னீங்க பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது. உங்களுக்கு விஷயமே தெரியலன்னு."

நான் அவள் பாத்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பாத்தியைப் படித்திருக்கிறாள். என் தலையெழுத்து என் வீட்டு மாடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

கத்தினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிக் கத்தினேன். நான் என்ன சாமானா, தூக்கிட்டுப் போயி வெக்கிறதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா உனக்கு? ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது.

"எங்க வீட்டு பால்கனியில மூணு தொட்டி வெக்கலாம்ப்பா" என்றாள் மகள், சின்னக் குரலில்.

"தொட்டியில நானும் உக்காந்துக்கறேன். காலையும் மாலையும் தண்ணி ஊத்து."

ஒயர்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். மகள் அழுதுவிட்டாள். "அன்னைக்கு நீ விழுந்து கெடந்தப்ப வீட்டுல யாருமே இல்லாம இருந்திருந்தா? எனக்குத் தூக்கமே வர்றதில்லப்பா. நீ போன் எடுக்க நேரமானா உடனே பஸ் ஏறிடலாமான்னு இருக்கு."

"இருந்தாங்கல்ல. கதவ உடைச்சு யாரு தூக்குனா? இவன். யாரு கட்டுப்போட்டா? இவ. அவங்களத்தான் நீ போகச் சொல்லியிருக்கே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை உள்ளே எடுத்துப் போனாள். அவள் பயமும் பொய்யில்லை.

ஜூலை 1

கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் விட்டேன். நெருக்கமாக இருந்தாலும் முளைத்திருக்கிறது.

ஜூலை 3

மகள் இன்னும் இருக்கிறாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தச் சொல்லி ஒயர்மேனைப் பாடாய்ப் படுத்தினாள். தானே தொங்கிப் பார்த்து, ஆடுகிறது என்று இரண்டாம் முறையும் பொருத்தவைத்தாள். இவ்வளவு அக்கறை என்றால் உள்ளே ஏதோ திட்டம் இருக்கிறது. நர்ஸம்மாவோடு மாடியில் வெகுநேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் பின்னால் பாத்திப் பக்கம் வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்தே மண் என்றால் மூக்கைச் சுளிப்பவள்.

"இதுல எதுக்கு ரொம்ப நாளாகும்ப்பா?"

"மரவள்ளிக்கு. ஏன்?"

படிக்கு அடியிலிருந்து ஒரு தண்டை எடுத்து வந்தாள். எப்படி நடுவது என்று நர்ஸம்மாதான் காட்டினாள். கணு மேலே பார்க்க வேண்டும், தலைகீழாகப் போய்விடக் கூடாது. என் பாத்தி ஓரத்தில் மகளே நட்டாள்.

"இது முத்துற வரைக்கும் நான் எதுவும் பேச மாட்டேன். அவங்களும் இருக்கட்டும். கெழங்கு வெட்டுற அன்னைக்குப் பேசிக்கலாம்."

இதற்குப் பெயர் விட்டுக்கொடுப்பதா, தவணை சொல்வதா?

ஜூலை 14, ஞாயிறு

நர்ஸம்மா வந்து கத்தரி நாற்றில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். தன் காலிப் பாத்தியில் நட்டாள். "அரிப்பு?" என்றேன். "அது போயே போச்சு மாமா" என்றாள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவர்கள் போயிருக்க வேண்டிய வாரம். முதல் கத்தரி பறித்தோம். ஒயர்மேன் சொறியவில்லை.

ஜனவரி 12

மகள் இப்போதெல்லாம் உடம்பைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "மரவள்ளி எப்படி இருக்கு?" என்கிறாள். வழக்குத் தேதியை விசாரிப்பது போல இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. "இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 20

தூரில் மண் வெடித்திருக்கிறது. கிழங்கு முற்றிவிட்டது. மண்ணை அணைத்து வெடிப்பை மூடினேன்.

மே 4

"வெட்டலாமாப்பா?" என்றாள் மகள் போனில். "இன்னும் முத்தல" என்றேன். நர்ஸம்மா பக்கத்தில்தான் நின்றாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இனி விட்டால் நார் ஓடிவிடும், அவளுக்கும் தெரியும்.

மே 18, ஞாயிறு

மகள் வந்துவிட்டாள். இந்த முறையும் சொல்லவில்லை. நேராகப் பின்பக்கம் போய் மண்வெட்டியைக் கேட்டாள். நான் தேடுவது போலக் கொஞ்ச நேரம் தேடினேன். ஒயர்மேன் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான், அதிகப்பிரசங்கி.

வெட்டத் தெரியாமல் வெட்டி ஒரு கிழங்கை நடுவில் உடைத்தாள். வேகவைத்து நாலு பேரும் சாப்பிட்டோம். நார்தான். யாரும் நாரைப் பற்றிப் பேசவில்லை. இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி குடித்தாள். குளியலறைக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். கிளம்புகிற நேரத்தில், செருப்பை மாட்டியபின், திரும்பிப் பின்பக்கம் போனாள். வெட்டிப்போட்ட தண்டில் ஒரு துண்டை ஒடித்து, அதே இடத்தில் மண்ணில் குத்தினாள்.

"தேதிய எழுதிக்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் நிறுத்தம்வரை நர்ஸம்மா போய்விட்டு வந்தாள்.

அவள் போனதும் பாத்தியைப் பார்த்தேன். தண்டைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறாள். போன வருடம் அவ்வளவு சொல்லியுமா? மறந்துவிட்டாளா, இல்லை இதிலும் ஏதாவது உள்குத்தா? அப்புறம் பிடுங்கிக் கணு மேலே பார்க்கத் திருப்பி நட்டேன். தண்ணீர் விட்டேன்.

மே 18. மரவள்ளி. மகள் நட்டது.