தொண்ணூற்று நான்கு கிராம்

மார்ச் 6, 1979

கஸ்பார் தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே கிழிந்திருந்த தோலைத் தைக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். என் கொள்ளுத்தாத்தா மன்னரின் மெய்க்காவலராக இருந்தபோது அணிந்தது. ஜூனில் சோமூர் நகரக் கண்காட்சியில் எங்கள் குடும்பப் பெயரோடு வைக்கப் போகிறார்கள். பழைய கவசங்களைத் தேடிச் சேர்ப்பவன், கொழுந்தன் வேறு என்று நம்பித்தான் கொடுத்தேன். ஆனாலும் கொடுக்குமுன் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்திருந்தேன். வாங்கிய மீனையே வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பவள் நான்.

இன்று நிறுத்தால் 94 கிராம் குறைகிறது.

மார்ச் 7

மறுபடி நிறுத்தேன். அதே 94.

மார்ச் 9

என் கணவர் ரெமியிடம் சொன்னேன். "தோலைக் கொஞ்சம் வெட்டித் தைச்சிருப்பான். என் தம்பிமேல கூடவா உனக்குச் சந்தேகம், எலோயீஸ்?" தம்பி என்றால் மனுஷர் உருகிவிடுவார். தோல் முழுதாக அப்படியே இருக்கிறது. பிறகு எது குறைந்தது?

ஜன்னலடியில் வைத்துப் பார்த்தேன். முகப்பில் கிரீடமும் மூன்று லில்லிப் பூக்களும் உள்ள தகடு. முன்பு இதழ் ஓரங்கள் மழுங்கலாக இருக்கும். இப்போது கூர்மை. தகட்டை மாற்றிவிட்டான்! பழையதை எந்த வியாபாரியிடம் தள்ளினானோ.

மார்ச் 18

கஸ்பார் ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தான். கவசம் என்றதும் ரொட்டியைப் பிய்ப்பதுபோல் குனிந்துகொண்டான். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள நல்லா இருக்கும் அண்ணி. யார் வந்து பாத்தாலும் குறை சொல்ல முடியாது."

யார் குறை சொல்லப் போகிறார்கள்? நானா கேட்டேன்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

ஏப்ரல் 15, ஈஸ்டர்

கேட்டுவிட்டேன். ஆட்டுத்தொடை மேசைக்கு வந்த நேரம், எல்லோர் முன்னிலும்.

"என் தகடு எங்க கஸ்பார்?"

முகம் வெளுத்தது. "மாத்தினேன்தான் அண்ணி."

ஒப்புக்கொண்டான்! "யார்கிட்ட வித்தே?"

"விக்கல."

"திருடன்" என்றேன். மாமியார் அழுதார். அவன் மடியில் விரித்திருந்த துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஏப்ரல் 17

ரெமி என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். பாரிஸிலிருந்து பழம்பொருள் மதிப்பீட்டாளரை வரவழைக்கிறேன். எழுத்தில் வாங்கி வைத்தால் தெரியும் யார் சொன்னது சரி என்று.

ஏப்ரல் 26

மதிப்பீட்டாளர் வந்து தகட்டைக் கழற்றினார். பின்பக்கம் குழிவாக, மெல்லிசாக இருந்தது.

"அச்சுல அடிச்சது மேடம். அந்தக் காலத்து அசல். போலின்னா உருக்கி வார்ப்பாங்க, கனமா இருக்கும்."

அசலா?

"தகடு மட்டும்தான். கவசம் நாடகத்துக்குச் செஞ்சது. உள்ள பாருங்க, கையால தட்டினது இல்ல, மெஷின்ல கடைஞ்ச வட்டம் தெரியுது. இதுல போய் இவ்வளவு நல்ல தகட்டை வச்சது யாரு?"

என் பழைய தகடுதான் போலி. அதன் கூடுதல் கனம்தான் அந்த 94 கிராம். கொள்ளுத்தாத்தா பெருமையெல்லாம் — போகட்டும், அது இப்போது யாருக்கு வேண்டும். ஐயோ, என்ன செஞ்சு தொலைச்சேன்.

ஏப்ரல் 28

கஸ்பார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உட்காரச் சொல்லவில்லை. பட்டறை அலமாரியில் அவனுடைய கவசம். இருபது வருடம் தேடி வாங்கிய ஒரே அசல். அதன் முகப்பில் மழுங்கிய லில்லிகள். என்னுடைய போலித் தகடு.

"கண்ணாடிக்கு வெளிய நின்னா தகடுதான் கண்ணுல படும். விவரம் தெரிஞ்சவன் எவனாவது உங்க பேரைப் படிச்சுட்டுச் சிரிச்சிருவான்னு..." என்றான், சுவரைப் பார்த்து.

அவன் தகட்டை நீட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். தகட்டை வாங்கிக்கொண்டான்.

ஜூன் 10

கண்காட்சி தொடங்கியது. என்னுடையதைக் கொடுக்கவில்லை. கஸ்பாரின் கவசம் அவன் பெயரில், சொந்தத் தகட்டோடு நடுப்பெட்டியில் இருந்தது. ரெமியோடு போனேன். கஸ்பார் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டான். பிறகு எனக்கும் கை நீட்டி, "வாங்க மேடம்" என்றான்.