மூன்று இருமல்

சங்ககிரி
4.8.2025

அன்புள்ள பிரபா,

நீயும் உன் வீட்டுக்காரர் மணிமாறன் அண்ணனும் நலம்தானே? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். அத்தை காதில் விழாமல் பேச இந்தப் புகுந்த வீட்டில் இடமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் சீட்டு நீட்டுவோமே, அது மாதிரி இதை வைத்துக்கொள்.

அம்மா போய் இன்றோடு நாற்பத்தெட்டு நாள். டிபி நுரையீரல் இரண்டையும் அரித்துவிட்டது. ஒரு வருஷம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் ஆறு மாத மாத்திரையில் சரியாகியிருக்கும் என்றார் டாக்டர். போன ஆவணியில்தானே நீ சுகாதாரத் தன்னார்வலராக வீடு வீடாக அந்தப் போனைக் கொண்டுபோனாய்? மூன்று முறை இருமினால் போதும், டிபி சந்தேகம் என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று ஏஐ கேட்டுச் சொல்லிவிடும் என்று பெருமை அடித்தாய். நான் அஸ்தம்பட்டியில் வேலையில் இருந்தேன். அம்மாவுக்குப் பச்சை வந்தது என்று நீதான் போனில் சொன்னாய்.

அந்தப் பதிவின் நகல் எனக்கு வேண்டும். அந்த மெஷினைச் சும்மா விட மாட்டேன்.

உன்
சத்யபிரியா


புதுச்சத்திரம்
13.8.2025

அன்புள்ள சத்யா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். எழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது.

பதிவெல்லாம் எங்கோ சர்வரில் இருக்குமாம். மேலே கேட்டுத்தான் வாங்க வேண்டும், நாளாகும். உங்க மயில்சாமி அப்பா பண்ணையில் கோழிகளோடு தனியாகக் கிடக்கிறார். மதியம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பாதிதான் சாப்பிடுகிறார். அவருக்குச் சளி எடுத்துப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை. நீயும் பார்த்துக்கொள். கல்யாணம் வரை வாராவாரம் வந்து அம்மா பக்கத்தில் படுத்தவள் நீ.

மெஷின் விஷயத்தை விட்டுவிடேன் சத்யா. போன உயிர் வரப்போவதில்லை.

உன்
பிரபா


சங்ககிரி
25.8.2025

அன்புள்ள பிரபா,

விடச் சொல்கிறாய். பெற்றவளைப் பறிகொடுத்தது நான்.

மனு எழுதியாகிவிட்டது. அப்பா பெயரில் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். உன்னிடம் கேட்பது ஒரே ஒரு கையெழுத்து. 'சௌந்திரத்தின் இருமலை நான் பதிவு செய்தேன், ஏஐ பச்சை என்றது.' இவ்வளவுதான். நீ பார்த்ததைத்தானே எழுதச் சொல்கிறேன்?

என்னைப் பரிசோதிப்பது நடக்காத காரியம். அம்மாவுக்கு நெஞ்சடைப்பு என்றுதான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். டிபி என்ற பேச்சு வந்தால் இந்த வீட்டில் என் தட்டும் தம்ளரும் தனியாகிவிடும்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தபால் பார்த்ததும் அனுப்பு.

உன்
சத்யா


புதுச்சத்திரம்
7.9.2025

அன்புள்ள சத்யா,

தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. இதைப் படித்த பிறகு என்னைத் திட்டு, அடி, எது வேண்டுமானாலும் செய்.

அன்று உங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா தொட்டிப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாக இருமல் என்று எனக்குத் தெரியும். போனை நீட்டினேன். என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என் அம்மா அத்தாயி உங்கள் காட்டில் இருபது வருஷம் களை வெட்டியிருக்கிறார். நான் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஆனாலும் அந்தக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

"ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழம சங்ககிரிக்காரங்க பொண்ணு பாக்க வாராங்க. செவப்பு காட்டி ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல வந்து நின்னா என்னாகும்? ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? நீயே இருமிப் போடு சாமி. புள்ளைக்குக் கண்ணாலம் முடியட்டும், நானே வந்து காட்டிக்கறேன்" என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் இருமினேன். மூன்று முறை. மெஷின் என் நெஞ்சைக் கேட்டுப் பச்சை என்றது. அது சொன்னது சரிதான் சத்யா. உங்கம்மாவை அது கேட்கவே இல்லை.

கல்யாணம் முடிந்து இரண்டு முறை கூப்பிட்டேன். "இப்பத்தான புள்ள அங்க போயிருக்குது" என்றார்கள். நானும் வற்புறுத்தாமல் விட்டேன். வற்புறுத்தியிருந்தால் என் பொய்யும் வெளியே வந்திருக்கும். அந்தப் பயமும் எனக்கு இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. மனுவைக் கொடுக்காதே. நீ மட்டும் தயவுசெய்து பரிசோதனை செய்துகொள்.

பிரபா


சங்ககிரி
19.9.2025

பிரபாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ இருமினது எனக்குத் தெரியாது. அம்மா இருமினது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். கூடத்தில் இவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தது நான்தான்.

உன் கையெழுத்து வேண்டாம். மனு போய்விட்டது. பழியைப் போனின் மேல் போட்டால் அது திருப்பி ஒன்றும் கேட்காது. அப்பாவும் அதை நம்பிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டட்டும்.

பரிசோதனை, பரிசோதனை என்கிறாய். மூன்று வாரமாக எனக்கும் இருமல். போன வாரம் இந்த ஊர்த் தன்னார்வலரும் அதே போனோடு வந்தாள். அத்தை பக்கத்திலேயே நின்றார். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவளே போனைத் தன் வாய்க்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் பச்சை.

இனி எழுதாதே.

சத்யபிரியா


புதுச்சத்திரம்
6.10.2025

அன்புள்ள சத்யா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது சரிதான். ஆனால் உங்கள் மனு வந்த கையோடு இந்தப் பக்கத்தில் போன்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் எழுதிக் கொடுத்ததை யார் படித்தார்களோ தெரியவில்லை. கெட்டது மெஷின் என்றே ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மேற்குத் தெருவில் மாதையன் ஒரு மாதமாக இருமுகிறார். கேட்க ஆள் இல்லை.

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். நீ போனை எடுக்காததால் பஸ் ஏறிவிட்டேன். உன் அத்தை கேட்டைத் திறக்காமலே, "சத்யா ஊட்ல இல்லீங்க, கோயலுக்குப் போயிருக்குது" என்றார்கள். வாசலில் உன் செருப்பு கிடந்தது. ஒரு மணி நேரம் எதிர்ப்பக்கம் லாரி ஆபீஸ் நிழலில் நின்றேன்.

நீ வெளியே வரவில்லை. உள்ளே டிவி மட்டும் ரொம்பச் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

பிரபா