துரையோடு வெந்நீர் ஊற்றுக்கு

அத்தான்,

நம் நாய் துரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இதை இனி வாயெடுத்துக் கேட்காதே என்றீர்கள், கேட்டுவிட்டேன். அவன் சொறிக்கு வெந்நீர் ஊற்று நல்லது என்கிறார் மிருக வைத்தியர். காஜாங் பக்கத்து ஊற்று விடுதிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

"நானும் துரையும் வருகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னதும் விடுதியில் கணக்கெழுதும் கிராணி யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டார்.

"பெரிய ரூமே தர்றேம்மா. துரை என்னா சாப்பிடுவாரு?"

"நெத்திலி போட்ட சோறு."

"அட, நம்மாளுலா!"

நான் திருத்தவில்லை. நாய் என்று உண்மையைச் சொன்ன இரண்டு விடுதிகளிலும் இடமில்லை என்றார்கள்.

மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். துரையைக் கேரித் தீவுக்குக் கொண்டுபோக நீங்கள் வரச்சொன்ன சின்னையா வந்தால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கமலவேணி

பி.கு.: "பி.ஏ. படிச்சவ சொறிநாய்க்கு வாதாடுறா" என்று சிரித்தீர்கள். அதற்குக் கோபமில்லை. என்னைக் கேட்காமல் அவனைக் கொடுக்க வாக்குக் கொடுத்தீர்கள், அதற்குத்தான்.

இன்னொன்று: ஊற்றிலிருந்து இங்கே திரும்பவில்லை. காஜாங் பள்ளிக்கூடத்தில் வேலை ஒப்புக்கொண்டு, பக்கத்திலேயே அறையும் எடுத்துவிட்டேன். அங்கே நாய் என்று சொல்லித்தான் எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.