படுத்துக் கிடந்தால் கடலுக்கு ஆகாது என்றார்கள்

என் தங்கச்சி புஷ்பம்,

உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் உன்னைத் தங்கமானவள் என்றார்கள். இருந்தபோது ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா?

உன் வீட்டுக்காரர் மறுபடியும் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். உன் மகள் ஷீபா கல்லூரிக்குப் போவதில்லை. மீன் பொரித்து வைத்தாலும் தொடுவதில்லை, தோழிகள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. பூசை நாளிலும் நீ கிடந்த அதே கட்டிலில், சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

உன் மாமியார் மாறவே இல்லை. பூசை முடிந்து வந்ததும் அவளிடம் போய் நின்றார்.

"ஏட்டி, அப்பன் கடல்ல நிக்கான். வீட்டுப் பொம்பள பகல்ல படுத்துக் கெடந்தா வள்ளத்துக்கு ஆகுமா?"

இதைத்தானே உன்னிடமும் வருடக்கணக்காகச் சொன்னார்? காற்று மாறினால் உனக்கு நெஞ்சு பதறும். உன் வீட்டுக்காரர் கரையேறும்வரை சோறு இறங்காது. அப்படியே தேய்ந்து நீ படுத்தபோது அதை யாரும் நோயாகப் பார்க்கவில்லை. கடலுக்குச் செய்த குற்றமாகப் பார்த்தார்கள். கடைசியில் காய்ச்சல் முற்றிக் கிடந்தபோதும், "அவ எப்பவும் கெடக்குறவதானே" என்று விட்டுவிட்டார்கள்; நீ போய்விட்டாய்.

நான் எதையும் லேசில் நம்பமாட்டேன், உனக்குத் தெரியும். விலங்கியல் சொல்லிக்கொடுத்து வந்த குணம். மூளையில் சுரக்கும் டோபமைன் என்றால் மகிழ்ச்சி ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பவில்லை. ஒன்றை விரும்பி, அதற்காக எழுந்து நடக்க வைப்பதில்தான் அதற்குப் பெரிய பங்கு. சற்றுநேரப் பயத்தில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் முடுக்கம் கொள்ளலாம். தப்ப வழியில்லாத பயம் நீண்டுகொண்டே போனால் அவற்றின் வேலை மந்தமாவதை விலங்குகளிடம் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் கதை இவ்வளவு எளிதல்ல. மனச்சோர்வுக்கு இது ஒன்றே காரணமும் அல்ல. ஆனாலும், எழும்ப முடியாதவளை எழும்ப மனமில்லாதவள் என்று சொல்ல இனி எவருக்கும் உரிமை இல்லை.

"மாமி, வள்ளத்துல எஞ்சின் நின்னா செபம் மட்டுமா சொல்லுவிய? மெக்கானிக்க கூப்பிட மாட்டியளா? இவ மூளையும் அதுபோலத்தான்," என்றேன்.

"ஓ, படிச்சவ வந்துட்டா! நீ அவ மூளைக்க உள்ள போயி பாத்தியாக்கும்?"

"நான் பாக்கல. அதுக்குன்னு படிச்ச டாக்டர் இருக்காவ. கூட்டிட்டுப் போறேன்."

"வள்ளத்துக்கு எதும் ஆச்சின்னா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்லுதேன். அலைக்கும் இவ கட்டிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஷீபா திரும்பாமலே சொன்னாள்: "பெரியம்ம, எனக்குக் குளிக்கக்கூட முடியாது."

"குளிக்காம வா, மக்கா."

வந்தாள். நாகர்கோவிலில் என் வீட்டில்தான் இருக்கிறாள். மருந்து தொடங்கியாயிற்று, வாரம் ஒருமுறை பேச்சுச் சிகிச்சை. குணமாக நாள் பிடிக்கும் என்றார் மருத்துவர். அற்புதம் நடக்கும் என்று சொல்லாத அந்த மனிதர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

உன் மாமியார் தினமும் போன் செய்கிறார். "எந்திச்சாளா?"

"இல்ல மாமி. படுத்திருக்கா."

ஒளிக்காமல், குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறேன். இந்த வீட்டில் அவள் வேண்டுமட்டும் படுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு நெற்றி சுட்டால், உன்னை விட்டதுபோல் விடமாட்டேன்; என் கை உடனே தொட்டுப் பார்க்கும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

எவருக்கும் பயப்படாத
உன் அக்கா