ஆறாவது துளை

1901 அக்டோபர் 3, வியாழன். கூமாப்பட்டி.

நான்காவது துளை. கண்மாய்க் கரையை மூன்றடி உயர்த்தினால் தாங்குமா என்று அறிய, அதன் வயிற்றுக்குள் என்ன மண் என்று துளைத்துப் பார்க்கிறோம். மூன்று கால் மரச்சட்டத்தில் தொங்கும் துளைக் கம்பியை எட்டுப் பேர் சுற்றியும் அது இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டேன். மேஸ்திரி மைதீன் பிச்சை கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கெணத்துல ஊத்தலாம் ஐயா. கரைக்குள்ள ஊத்துனா, வெடிப்பு எங்க இருக்குன்னு தண்ணி தேடிப் போயிரும்."

ஓவர்சியர் நான்தான். குடத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 5

பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கும் அருள்செல்விக்கு மாதம் நெருங்கிவிட்டது. எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. கர்த்தாவே, இதையாவது.

அக்டோபர் 9

ஆறாவது துளை, இருபத்தெட்டு அடி. கம்பியை உருவிக்கொண்டிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமனார் வீட்டு ஆள் வந்துவிட்டான். வலி கண்டுவிட்டதாம்.

துளையைக் களிமண் உருண்டை போட்டு, அடிக்கு ஒரு தரம் இடித்து இடித்து அடைக்க வேண்டும். நான் கூடவே நின்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் வேலை. நிற்க முடியுமா என்னால்? "மண்ணைத் தள்ளி மூடுங்க" என்றேன். 'அடைத்தாயிற்று' என்று பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு வண்டி ஏறினேன்.

அக்டோபர் 10

பெண். அழுதாள் — அடேயப்பா, என்ன அழுகை! நானும் அழுதேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவில்லை. பிள்ளை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துளைதான் தெரிகிறது. கண்மாய் பெருகும். உதிரி மண்ணுக்குள் தண்ணீர் வழி பிடித்தால் கரை நிற்காது. கீழே அறுபது வீடு. என்ன காரியம் செய்துவிட்டேன்?

அருள்செல்வியிடம் சொல்லிவிட்டேன். பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நம்ம புள்ள மூச்சு விடுது, பாத்துட்டீகல்ல? அங்க எம்புட்டுப் புள்ளைக கெடக்கு. கெளம்புங்க."

அக்டோபர் 14

கரை விளிம்புக்கு இரண்டடி கீழே தண்ணீர். வெளிச்சரிவில் விழுந்தடித்து ஓடிப் பார்த்தேன். கசிவு இல்லை. ஆறாவது துளைக்குப் பக்கத்தில் மைதீன், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புள்ள நல்லாருக்கா?"

"இருக்கா. துளை?"

"மறுநா மத்தியானம் வரைக்கும் இடிச்சோம் ஐயா. பிள்ளைப்பேறுன்னு ஓடுத மனுசன் சொல்லுததயெல்லாமா கேப்பாக?"

அவர் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே அழுதேன். மனுசன் சிரிக்கிறார்.

அக்டோபர் 16

பதிவேட்டில் என் கையெழுத்தை அடித்துவிட்டு மைதீன் பிச்சை பெயரை எழுதினேன். நடந்ததை மேலிடத்துக்கும் எழுதிவிட்டேன். "நீங்களே ஒங்க வேலைக்கு வேட்டு வச்சுக்கிடுதீகளே" என்று மைதீன் திட்டினார்.

1902 பிப்ரவரி 11

பதவி ஒரு படி இறங்கியது. நியாயம்தான். இனி துளை அடைத்தால் மேஸ்திரியும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மைதீன் அரபு எழுத்தில் போடுகிறார். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. அதைக் கண்ட பிறகுதான் என் பெயரைப் போடுகிறேன்.

இன்று அருள்செல்வி பிள்ளையோடு இங்கேயே வந்துவிட்டாள். நான் பார்த்து வைத்திருந்த வீட்டு வாசலில் நின்று, மேலே கரையை அண்ணாந்து பார்த்தாள்.

"கரைக்கு நேர் கீழயா?"

"ஆமா."

"அந்த ஆறாவது துளைய அடைச்சது யாரு?"

"மைதீன்."

"அப்ப சரி" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்புக்குக் கல் தேடப் போனாள்.